கூரை வீடு

மக்கள் உயிர் வாழ்தற்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உணவும் உடையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எளிதிற் செல்லும். வடநாட்டுக் கோதுமை தென்னாட்டில் உணவாகின்றது. காஞ்சியில் நெய்த பட்டு கடல் கடந்து செல்கின்றது. உறையுளோ அத்தன்மையதன்று. பண்டு தொட்டு அது, தான் நின்ற இடத்து மண்ணாலும் மரத்தாலும் புல்லாலுமே அமைந்து வந்தது. ஆதலின் ஒரு நிலத்துப் பழைய வீட்டைக் கூர்ந்து நோக்குவார், அந்நிலத்தின் மண்ணையும் மழையையும் காற்றின் போக்கையும் அவ்வீட்டிலேயே அறிந்துகொள்ளலாம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் நெடுங்காலம் நின்று வந்த கூரை வீடு இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வடக்கே பெண்ணையாறும் கெடிலமும், நடுவே பரவனாறும் வெள்ளாறும், தெற்கே கொள்ளிடமும் கடலை நோக்கி ஓடுகின்றன. கடற்கரையை அடுத்த மணற்பாங்கில் தென்னையும் பனையும் சவுக்கும் செழித்து வளர்கின்றன. சிதம்பரத்தைச் சூழ்ந்த வண்டல் நிலத்தில், வீராணம் ஏரியின் நீர் பாய்ந்து நெல் விளைகின்றது. எனவே, சுவர் எழுப்பக் களிமண்ணும், சட்டம் அமைக்கச் சவுக்கும் பனையும், மேலே வேயத் தென்னங்கீற்றும் பனையோலையும் வைக்கோலும் விழலும் இந்நிலத்திலேயே கிடைத்தன. கட்டுதற்குரிய பொருளை நெடுந்தொலைவிலிருந்து கொணரும் தேவை சிற்றூரார்க்கு மிகுதியாக இருந்ததில்லை.

புல்லாலும் ஓலையாலும் மேலே மூடுதலை 'வேய்தல்' என்பது தமிழ் வழக்கு. பேச்சு வழக்கில் அது 'மேய்தல்' எனத் திரிந்து, 'கூரை மேய்தல்' என வழங்குகின்றது. பழைய கீற்றைக் களைந்துவிட்டுப் புதிய கீற்று இடுவதைப் 'பிரித்து மேய்தல்' என்பர். 'வேய்தல்' என்னும் இச்சொல் ஏழையின் குடிலோடு நின்றுவிட்டதன்று. முதற் பராந்தக சோழன் தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொற்கூரை அமைத்த செய்தியைக் கூறுவோர், அவன் 'பொன் வேய்ந்தான்' என்றே கூறுவர். அச்சிற்றம்பலத்தின் மேலே கல்லால் அடுக்கிய விமானம் இல்லை. மரத்தாலாகிய அவையின்மேல், வளைந்து சரிந்த கூரை ஒன்று கவிந்திருக்கின்றது. அதன்மேற் பொன்னோடுகள் வேயப்பெற்றுள்ளன. அதனை உற்று நோக்குவார்க்குச் சிற்றூரின் கூரைக் குடில் வடிவமே நினைவுக்கு வரும்.

கூரை வீட்டில் விருந்தாகச் சென்று தங்குதலும் தமிழர்க்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனுக்கு வழி கூறும் நூலாகும். எந்நிலத்தில் எவ்வகைக் குடிலைக் காணலாம், அங்கே எவ்வகை உணவு கிடைக்கும் என்பவற்றை அந்நூல் முறையே எடுத்துரைக்கின்றது. வறண்ட நிலத்தில் வாழும் எயினரின் குடில், ஈந்தின் இலையால் வேயப்பட்டு முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றும். முல்லை நிலத்துச் சீறூரின் குடில்கள் வரகு வைக்கோலால் வேயப்பட்டவை. மீன் பிடிக்கும் வலைஞர் குடில் தருப்பைப் புல்லால் வேயப்பட்டது. ஒவ்வொரு நிலமும் தன்பால் விளைந்ததையே தன் கூரைக்குத் தந்தது என்பது இதனாற் புலனாகும்.

சேக்கிழாரும், திருநாளைப்போவார் தோன்றிய ஆதனூரைக் கூறுமிடத்துச் சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகளையுடைய சிறு குடில்களைக் காட்டுகின்றார். கொள்ளிடத்தை அடுத்த அவ்வூரில், மழையையும் வெயிலையும் தடுத்த கூரையே கறிக்குக் காயும் தந்தது. ஆயினும், அக்குடில்களில் வாழ்ந்தோர் ஊர்க்குப் புறத்தே ஒதுக்கப்பட்டுப் பிறர் கழனிகளில் உழைத்தவர் என்பதும் அங்கேயே விளங்குகின்றது. கூரை வீட்டைப் பற்றிப் பேசுவோர் அதன் குளிர்ச்சியோடு இதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, அவ்வீடு அமையும் முறையைக் காண்போர் அதில் அடங்கிய அறிவை உணர்வர். முதலில் களிமண்ணை நீரில் ஊறவைத்து, நறுக்கிய வைக்கோலைக் கலந்து, காலால் மிதித்துக் குழைப்பர். வைக்கோல், மண் காயும்போது வெடித்துவிடாதபடி அதனைப் பிணைத்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு முழ உயரத்துக்குச் சுவர் வைத்தபின், அது நன்கு காயும்வரை காத்திருப்பர். காய்ந்த பின்னரே அதன்மேல் அடுத்த அடுக்கை ஏற்றுவர். ஈரச் சுவரின்மேல் பாரம் ஏற்றினால் அது பிதுங்கிச் சரிந்துவிடும். ஆதலால் இவ்வேலைக்கு வலிமையினும் பொறுமையே மிகுதியாக வேண்டும்.

சுவர் எழுந்தபின் சட்டம் கட்டுவர். நடுவில் நட்ட கால்களின்மேல் முகட்டு வளை கிடத்தப்படும். அதிலிருந்து இருபுறத்துச் சுவர்களுக்கும் சவுக்குக் கழிகள் சரிவாக இறக்கப்படும். அக்கழிகளின் குறுக்கே, பிளந்த மூங்கிலை வரிச்சுகளாக வைத்துக் கயிற்றாற் கட்டுவர். இக்கட்டுகளில் ஆணிக்கு இடமில்லை. ஆணி அடித்த மரம் காற்று அலைக்கும்போது பிளந்துவிடும். கயிற்றாற் கட்டிய சட்டமோ சிறிது அசைந்துகொடுத்துப் பின் தன் நிலைக்கு வரும்.

வேய்வதற்கு இப்பகுதியில் மிகுதியும் பயன்படுவது தென்னங்கீற்று. முற்றிய தென்னமட்டையை நடுநரம்பின் வழியே இரண்டாகக் கீறுவர். கீறப்படுவது ஆதலின் அது கீற்று எனப் பெயர் பெற்றது. கீறிய மட்டைகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போடுவர். ஊறிய ஓலை மடங்கும்போது முறியாது. பின்னர், இலைகளை ஒன்றன்மேலும் ஒன்றன்கீழுமாக மாற்றிப் பின்னி வெயிலில் உலர்த்துவர். இப்பணியைப் பெரும்பாலும் மகளிரே செய்வர். பழகிய கைகள் பேச்சின் இடையே, கண் வேறிடத்தில் இருக்கவும், பிழையின்றிப் பின்னும்.

வேய்தல் இறவாணத்தில் தொடங்கி முகட்டில் முடியும். கீழே இட்ட கீற்றின் தலைப்பை மேலே இட்ட கீற்றின் அடி மூடும்படி அடுக்கிச் செல்வர். மேலிருந்து கீழாக வேய்ந்தால் மழைநீர் அடுக்குகளின் இடையே புகுந்துவிடும். முறைப்படி அடுக்கிய கூரையில் விழும் நீர், ஓலைக்கு ஓலை கைமாறி, உள்ளே இறங்குமுன் இறவாணத்தில் சொட்டிவிடும். கூரையின் சரிவு குறைந்தால் நீர் தேங்கி ஓலை மக்கும். ஆதலால் சரிவைச் செங்குத்தாக அமைப்பர். பங்குனி, சித்திரையாகிய வறண்ட திங்கள்களில் இவ்வேலையை முடித்துக்கொண்டு, ஐப்பசி மழையை எதிர்நோக்கி இருப்பது ஊர் வழக்கம். தென்னங்கீற்று ஓரிரண்டு ஆண்டுகளே நிற்கும். பனையோலை அதனினும் நெடிது நிற்கும்.

பள்ளி விடுமுறையில் நகரத்திலிருந்து பாட்டனார் ஊருக்கு வரும் சிறுவன் ஒருவன், இத்தகைய வீட்டில் தங்க நேர்வதாகக் கொள்வோம். வாயிலிலேயே அவன் குனிந்துதான் நுழைதல் வேண்டும். இறவாணம் தாழ்ந்திருப்பது எதன்பொருட்டு என அவன் வியப்பான். தாழ்ந்த இறவாணம் மண்சுவரின்மேல் மழைச்சாரல் படாமல் காக்கின்றது; உச்சி வெயில் சுவரைச் சுடாமல் நிழல் தருகின்றது; கடற்காற்று கூரையின் அடியிற் புகுந்து அதனைத் தூக்காதவாறும் தடுக்கின்றது. அவ்விறவாணத்தின் இடுக்கிலே அரிவாளும் பனைவிசிறியும் பழைய கடிதங்களும் செருகப்பட்டிருக்கும். வீட்டுக்கு அலமாரியும் அதுவே. உள்ளே சாணம் மெழுகிய தரை வெறுங்காலுக்குத் தண்ணென்றிருக்கும். நண்பகலில் வெளியே மணல் கொதிக்கும்போதும், திண்ணையில் அவன் அயர்ந்து உறங்குவான்.

இக்குளிர்ச்சிக்குக் காரணம் யாது? அடுக்கடுக்காகக் கிடக்கும் ஓலைகளுக்கிடையே காற்று சிறைப்பட்டு நிற்கின்றது. அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. எனவே கூரையின் புறத்தே காயும் வெயில் உள்ளே இறங்குவதில்லை. கனத்த மண்சுவரோ பகல் வெப்பத்தை மெல்ல ஏற்று, அவ்வெப்பம் உட்புறத்தை அடையுமுன் பொழுதைச் சாயவிடுகின்றது. அடுப்புப் புகை ஓலைகளின் ஊடே கசிந்து வெளியேறும். அப்புகை கண்ணைக் கரிக்கச் செய்யினும், மூங்கிலிலும் ஓலையிலும் படிந்து பூச்சிகள் அரியாமல் அவற்றைக் காக்கும்.

இதே தத்துவம் குளிர் நாடாகிய அயர்லாந்திலும் கையாளப்பட்டது. அந்நாட்டின் பழைய குடில்கள், கல்லாலோ மண்ணாலோ ஆகிய தடித்த சுவரையும், கோதுமை, ஓட்சு முதலியவற்றின் தாளாலோ நாணலாலோ வேய்ந்த கூரையையும் உடையவை. அங்கே சதுப்பு நிலத்தில் மக்கி இறுகிய தாவரப் படிவைக் கட்டிகளாக வெட்டி உலர்த்தி அடுப்பில் எரிப்பர். கடலூர்ப் பகுதியில் வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கும் சிறைப்பட்ட காற்று, அங்கே அடுப்பின் வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கின்றது. அட்லாண்டிக் பெருங்கடலின் காற்று வீசும் மேற்குக் கரையில், கூரையின்மேல் கயிறுகளை வலைபோற் போர்த்துச் சுவரில் பதித்த முளைகளிற் கட்டுவர். வங்கக் கடலோர மீனவர் பழைய வலையைக் கூரைமேற் போர்த்துக் கட்டுவதும் இதனைப் போன்றதே. ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டாரும், காற்று என்னும் ஒரே ஆசிரியரிடம் ஒரே பாடத்தைக் கற்றனர்.

அயர்லாந்தின் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. 1841-ஆம் ஆண்டில் அங்கே எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கு, ஓரறை மண்குடில்களை நான்காம் தர வீடுகள் என ஒதுக்கிக் காட்டியது. நாட்டின் ஏழை மக்களுட் பெரும்பாலோர் அவற்றிலேதான் வாழ்ந்தனர். பின்னர் வசதி பெற்றோர் கூரையை நீக்கிக் கற்பலகையும் ஓடும் வேய்ந்துகொண்டனர். கூரை வீடுகள் அருகிய காலத்தில், 1960-களின் பிற்பகுதியில், விடுமுறைக்கு வருவோர் தங்குதற்கென்றே மேற்கு அயர்லாந்தில் கூரைக் குடில்கள் புதியனவாகக் கட்டப்பெற்றன. ஒருகால் வறுமையின் அடையாளமாக இருந்தது, பின்னர் விருந்தினர் விரும்பி நாடும் இன்பமாயிற்று.

தமிழ்நாட்டிலும் அத்தகைய மாற்றம் தோன்றியுள்ளது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திரா என்னும் காட்சியகத்தில், தென்னாட்டுப் பழைய வீடுகள் பல மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. கடற்கரையோர விடுதிகள் சில, கூரைக் குடில்களை அமைத்து நகரத்தாரை அழைக்கின்றன. அங்கே தங்குவோர் அதன் குளிர்ச்சியை வியந்து செல்கின்றனர். ஆனால் ஈரிரவு தங்குவோர் காணும் கூரை வேறு. ஆண்டு முழுதும் வாழ்வோர் காணும் கூரை வேறு. கோடை விடுமுறையில் வந்து, 'இவ்வீடு எவ்வளவு குளிர்ச்சி!' என்று மகிழும் பேரனிடம், 'அடைமழையில் வந்து ஓரிரவு தங்கிப் பார், தம்பி' என்று பாட்டியார் சொல்வதுண்டு. கார்த்திகை மழையில் ஒழுக்கு விழும் இடந்தோறும் பாத்திரங்களை வைத்துவிட்டு, உறங்கும் குழந்தைகளை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மாற்றிக் கிடத்திய இரவுகளை அவர் அறிவார். கறையான், எலி, ஆண்டுதோறும் கீற்றுக்கு ஆகும் செலவு ஆகியவற்றையும் அறிவார்.

இவை யாவற்றினும் கொடியது தீ. உலர்ந்த ஓலையில் ஒரு பொறி விழுந்தால் ஒரு வீட்டோடு நில்லாது, காற்று வீசும் திசையில் தெரு முழுவதும் பரவும். 2004-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில், சமையற்கூடத்துத் தீ கூரையைப் பற்றி வகுப்புகளுக்குப் பரவியதில் 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னர்ப் பள்ளிகளில் ஓலைக் கூரை கூடாதென விலக்கப்பட்டது. புயலும் தீக்கு இளைத்ததன்று. 2011-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் விடியலில், 'தானே' என்னும் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் விரைவில் வீசிய அக்காற்றில், முந்திரியும் பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. எண்ணற்ற கூரை வீடுகள் கூரையை இழந்தன. வேய்வதற்குக் கீற்றுத் தரும் தென்னையும் கூரையோடு வீழ்ந்தமையால், இழந்தோரின் துன்பம் இருமடங்காயிற்று.

ஆதலின், கூரை வீட்டில் வாழ்வோர் உறுதியான வீட்டை விரும்புவதும், அரசு அதனைக் கட்டித்தர முனைவதும் முறையே ஆகும். குடிசைகளைக் காங்கிரீட்டு வீடுகளாக மாற்றும் பெருந்திட்டம் ஒன்று தமிழ்நாட்டில் 2010-இல் தொடங்கப்பெற்றது. 2024-இல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' என்னும் திட்டம், 2030-ஆம் ஆண்டுக்குள் ஊரகப் பகுதிகளில் 8 இலட்சம் வீடுகளைக் கட்டித்தருவதைக் குறிக்கோளாகக் கொண்டது. மழைக்கும் தீக்கும் அஞ்சி வாழ்ந்த குடும்பம் ஒன்று, கதவைச் சாத்தி அச்சமின்றி உறங்குவது சிறு பேறன்று. அவ்வச்சத்தை அறியாதார், தம் விடுமுறை இன்பத்துக்காகக் குடிசைகள் குடிசைகளாகவே நிற்றல் வேண்டும் என்பது பொருந்தாது.

ஆயினும், குடிசையின் துன்பத்தை நீக்குதல் வேறு. அதனைக் கட்டிய அறிவை இழத்தல் வேறு. அவ்வறிவு இன்று வேறு பல காரணங்களாலும் தேய்ந்து வருகின்றது. 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8 முதலிய குட்டை நெல் வகைகள் மிகுந்த விளைச்சலைத் தந்தன. ஆனால் அவற்றின் தாள், பழைய நெடுந்தாள் நெல்லின் தாளைப்போல் நீண்டதன்று. அறுவடைப் பொறிகள் வந்தபின், வைக்கோல் நசுங்கியும் முறிந்தும் விழுகின்றது. அது வேய்வதற்கு ஏற்றதன்று. கூரை வேயத் தெரிந்தோர் முதுமை அடைந்துவிட்டனர். அவர்தம் மக்கள் வேறு தொழில் நாடிச் சென்றனர். எழுத்தில் அமையாத கலை, கற்பிப்போரும் கற்போரும் இல்லாவிடில் ஒரு தலைமுறையிலேயே மறைந்துவிடும்.

அக்கலைக்கு இன்னும் பயன் இல்லை என்பதற்கில்லை. இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் புதிய காங்கிரீட்டு வீடு பெற்றோர் பலர், அதன் முன்புறத்தில் கீற்றுப் பந்தல் ஒன்றையும் இறக்கிக் கொள்கின்றனர். சித்திரை வெயிலைப் பகலெல்லாம் உண்ட காங்கிரீட்டுத் தளம் இரவில் அவ்வெப்பத்தை உமிழ்கின்றது. அப்போது வீட்டார் பாயை எடுத்துக்கொண்டு பந்தலின் கீழ் வந்து படுக்கின்றனர். மழைக்கும் புயலுக்கும் தளம்; வெயிலுக்குக் கீற்று. இரண்டையும் அறிந்தவர் செய்துகொண்ட ஏற்பாடு இது. அடுப்பினின்றும் விலக்கிக் கட்டிய பந்தலில் தீயின் அச்சமும் குறைவு. தளத்தின்மேல் நிழல் தருதல், சுவரைத் தடித்து எழுப்புதல், இறவாணத்தைத் தாழ்த்துதல், காற்று வரும் திசையறிந்து வாயில் வைத்தல் ஆகியவற்றைப் புதிய வீடு கட்டுவோரும் பழைய வீட்டினின்று கற்றுக்கொள்ளலாம்.

விடுமுறையில் சிற்றூருக்குச் செல்லும் மாணவர், அங்கே கூரை வீடு ஒன்று எஞ்சியிருப்பின், அதன் திண்ணையில் இளைப்பாறுவதோடு அமையாது, அதனைக் கட்டியவரைத் தேடிக் கண்டு வினவுதல் வேண்டும். கீற்று எத்தனை நாள் ஊறவேண்டும், சரிவு எவ்வளவு இருத்தல் வேண்டும், முகட்டை எவ்வாறு மூடுவது என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். இயலுமாயின் ஒரு கீற்றையேனும் தம் கையாற் பின்னிப் பார்த்தல் நலம். அதே முதியவரிடம், மழையிரவுகளை எங்ஙனம் கழித்தீர் என்றும் கேட்டல் வேண்டும். இவ்விரண்டு விடைகளையும் ஒருங்கே கேட்டவரே கூரை வீட்டை முழுதும் அறிந்தவராவர்.